மாடிப் பையன்களும் கீழ்வீட்டுக் கார்லும்

அன்புள்ள மச்சான்,

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எடுத்ததுமே ‘மீட்டிங்ல இருக்கேன்டா’ என்பாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். இது அப்படி ஓட்டிக் கேட்கிற சமாச்சாரம் இல்லை. அதனால்தான் இருபது வருஷம் கழித்து ஒரு கடிதம். கையெழுத்து கேவலமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

போன சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு நான் கார்ல் ஆகிவிட்டேன்.

சிரிக்காதே. முழுக்கப் படி. மடிப்பாக்கம் வீட்டு மாடிப் போர்ஷனை மூன்று பையன்களுக்கு விட்டிருக்கிறேன் என்று சொன்னேன் இல்லையா? பேச்சிலர்களுக்கு விடாதே என்று தெருவே சொன்னது. உன் தங்கச்சியும் சொன்னாள். நாமும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவர்கள்தானே என்று நான்தான் பெருந்தன்மை காட்டினேன். ஒருவன் திருநெல்வேலிக்காரன், நைட் ஷிஃப்ட் வேலை, பகலெல்லாம் தூக்கம். இன்னொருவன் குரூப் டூ பரீட்சைக்குப் படிக்கிறான். மூன்று வருஷமாகப் படிக்கிறான். மூன்றாமவனுக்கு ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை. காதில் கடுக்கன், உச்சியில் கொண்டை. இந்த மூன்றும் எந்தக் கூட்டலில் ஒன்று சேர்ந்தன என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியன் பண்ணிய கோளாறில் தண்ணி மோட்டாரின் சுவிட்ச் மாடிப் போர்ஷனுக்குள் மாட்டிக்கொண்டது. பையன்கள் அதைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். டேங்க் நிரம்பி, சன்ஷேடில் சடசடவென்று விழுகிற சத்தத்தில் நான் எழுந்தேன். மேலே சிரிப்புச் சத்தம் வேறு. லுங்கியை மடித்துக் கட்டி, கை இல்லாத பனியனோடு, ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு படியேறினேன். ஏறும்போதே மனசுக்குள் வசனம் தயார். கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே விளக்கு இல்லை, லேப்டாப் வெளிச்சம் மட்டும். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் லேப்டாப்பிலிருந்து ஒருத்தன் கத்த ஆரம்பித்தான். மூக்கால் இழுக்கிற குரல், அசல் நியூ ஜெர்சி உச்சரிப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் தன் நீச்சல் குளத்தில் இறங்கிவிட்டார்கள் என்று புலம்புகிறான்.

யார் குரல் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

பையன்கள் மூவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு திரையில் வெள்ளைப் பனியனும் செருப்புமாக நிற்கிற வழுக்கைத் தலைக் கார்லைப் பார்த்தார்கள். மறுபடி என்னைப் பார்த்தார்கள். கொண்டைக்காரன்தான் முதலில் சிரித்தான். மற்ற இரண்டு பேரும் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்கள். எனக்கு வசனம் மறந்துபோய்விட்டது. ‘இது அக்வா டீன் ஹங்கர் ஃபோர்ஸ்தானே?’ என்று கேட்டேன். அந்தப் பையன்கள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். திருச்செந்தூர் யானை வாயைத் திறந்து இங்கிலீஷ் பேசியிருந்தால்கூட அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

நியூ ஜெர்சியில் நாம் இருந்த எடிசன் ஊர் வீட்டு மேல்மாடி ஞாபகம் இருக்கிறதா? கன்சல்டன்சிக்காரன் நம்மை கெஸ்ட் ஹவுஸிலிருந்து கிளப்பிவிட்ட பிறகு, வாடகையை மூன்றாக வகுக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்ந்தோம். நீ முட்டைகூடத் தொடாத கும்பகோணத்துக்காரன். நான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் இல்லாவிட்டால் அழுதுவிடுகிற திண்டுக்கல்காரன். நம் காரைக்குடியான் எதையும் சமைக்க மாட்டான், எதையும் மிச்சம் வைக்கவும் மாட்டான். 2003-இல் மூன்று பேருமே பெஞ்சில். வேலை இல்லை, வெளியே பனி, கையில் ஒரு கேபிள் பெட்டி. பகலெல்லாம் குழந்தைகளுக்குப் படம் காட்டுகிற கார்ட்டூன் நெட்வொர்க், ராத்திரியானால் அடல்ட் ஸ்விம் என்று பெயரை மாற்றிக்கொண்டு பெரியவர்களுக்குக் கடைவிரிக்கும். அதில்தான் நமக்கு அந்த மூன்று பேரும் கிடைத்தார்கள். ஒரு மில்க் ஷேக், ஒரு டப்பா உருளைக்கிழங்கு வறுவல், ஒரு இறைச்சி உருண்டை. மூன்றும் நியூ ஜெர்சியில் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. வேலைக்குப் போவதில்லை. பதினோரு நிமிஷம் சண்டை போடுகின்றன, பிறகு படம் முடிந்துவிடுகிறது.

நாம் முதலில் பார்த்தது சந்திரனிலிருந்து வந்த இரண்டு பேர் கதை. பழைய வீடியோ கேம் பொம்மை மாதிரி கட்டம் கட்டமாக, தட்டையாக இருப்பார்களே, இக்னிக்னாட், எர். எர் உயரத்தில் குட்டி, வாயில் பெரியவன். பூமிக்காரர்களை நடுங்க வைக்கப்போகிறோம் என்று துப்பாக்கியால் சுடுவார்கள். சதுரமாக ஒரு பெரிய குண்டு புறப்படும். புறப்பட்டு, நம்ம ஊர் பாசஞ்சர் ரயில் மாதிரி, வரும்... வரும்... வந்துகொண்டே இருக்கும். அதற்குள் சுடப்படுகிறவன் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். நீ தரையில் உருண்டு சிரித்தாய். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மூன்றாவது வாரம்தான், குண்டு தாமதமாக வருவதில் சிரிப்பு இல்லை, அது தாமதமாக வருவது தெரிந்தும் அந்த இரண்டு பேரும் பந்தாவைக் குறைக்காததில்தான் சிரிப்பு என்று எனக்கு உறைத்தது. எனக்கு எல்லாமே லேட்டாகத்தான் உறைக்கும், அதை நீ எழுதித்தான் காட்ட வேண்டும் என்பதில்லை.

யார் யார் எது என்று நாம் அன்றைக்கே பட்டா போட்டுக்கொண்டோம். காரைக்குடியான் சந்தேகமில்லாமல் மாஸ்டர் ஷேக். சோம்பேறி, பொய்யன், வீட்டுக்குத் தலைவன் தான்தான் என்ற நினைப்பு. எதையாவது உடைத்துவிட்டு ‘இது ஏற்கெனவே உடைஞ்சிருந்துச்சு’ என்று சத்தியம் செய்கிற ரகம். நீ மீட்வாட். யார் எதைச் சொன்னாலும் நம்புவாய், அட்டைப் பெட்டியில் முகம் வரைந்து அதையும் நண்பன் என்று வைத்துக்கொள்கிற மனசு. முட்டை தொடாதவனுக்கு இறைச்சி உருண்டைதான் பிடித்தது என்று அன்றைக்கு உன்னை எவ்வளவு கிண்டல் பண்ணினோம்! நான் ஃப்ரைலாக் என்று நானே சொல்லிக்கொண்டேன். தாடி, கனத்த குரல், கம்ப்யூட்டர் ஞானம், வீட்டில் பொறுப்பான ஒரே ஆள். இந்தப் பட்டாவை யாரும் எதிர்த்து மனு போடவில்லை என்பதால் அது சரி என்றே இத்தனை வருஷம் நினைத்துவிட்டேன்.

கீழ்வீட்டுக்காரரைத்தான் கார்ல் என்றோம். அவர் காதில் விழாமல்தான்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். கொண்டைக்காரன் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்கார்ந்தேன். மோட்டாரை நிறுத்தச் சொல்ல வந்தவன், சொல்லவில்லை. அதைக் கவனத்தில் வைத்துக்கொள், பின்னால் வரும். அவன் தொழில்முறையில் இதைப் பார்க்கிறானாம். எவ்வளவு குறைவாக வரைந்து எவ்வளவு காட்டலாம் என்பதற்கு இது பாடம் என்றான். நிறுத்தி நிறுத்திக் காட்டினான். ‘சார், பாருங்க, இந்த ஹால் பின்னணி பத்து எபிசோடா அதேதான். ஷேக் அசையவே இல்லை, வாய் மட்டும்தான். கட்-அவுட் மாதிரி வெட்டி ஒட்டி நகர்த்துறாங்க.’ நாம் அன்றைக்கு அதையெல்லாம் பார்த்தோமா? படம் அசையாததால்தான் பேச்சு அவ்வளவு கனமாக விழுகிறது என்றான். ஒருவன் ஏதோ உளறுவான், அடுத்தவன் பதில் சொல்லாமல் இரண்டு விநாடி சும்மா நிற்பான். அந்த இரண்டு விநாடிக்குக் காசே கிடையாது, ஆனால் சிரிப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்றான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது, சொல்லிவிடுகிறேன்.

அவன் சொன்னதில் இன்னொன்று. இதை உருவாக்கிய டேவ் வில்லிஸும் மாட் மேயலாரோவும் முதலில் ஸ்பேஸ் கோஸ்ட் பேட்டி நிகழ்ச்சிக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள். வேலை நடந்தது அட்லாண்டாவில், வில்லியம்ஸ் ஸ்ட்ரீட் என்கிற தயாரிப்புக் கூடத்தில்; தெருப் பெயரையே கம்பெனிப் பெயராக வைத்துக்கொண்டவர்கள். ஷேக்கும் கூட்டாளிகளும் பிறந்ததே அந்தப் பேட்டி நிகழ்ச்சியின் ஒரு எபிசோடில் வரவேண்டிய துரித உணவுக் கடை விளம்பரச் சின்னங்களாக. அந்த எபிசோட் அப்போது கிடப்பில் போய்விட்டது. இவர்களுக்கு அந்தப் பாத்திரங்களை விட மனசில்லை. தனித் தொடராகக் கேட்டால் மேலதிகாரிகள், ஒரு ஷேக்கும் வறுவலும் வீட்டில் உட்கார்ந்து என்னதான் செய்யும் என்று கேட்டிருக்கிறார்கள். ‘துப்பறிவார்கள், குற்றங்களைக் கண்டுபிடிப்பார்கள்’ என்று இவர்கள் ஒரு பிட்டைப் போட்டார்கள். அனுமதி கிடைத்தது. முதல் எபிசோட் 2000 டிசம்பர் 30 விடியற்காலையில் யாருக்கும் சொல்லாமல் ஒளிபரப்பாகியிருக்கிறது. அடுத்த செப்டம்பரில் தொடர் முறைப்படி தொடங்கியது. சில எபிசோடுகள் துப்பறிவதாகப் பாவனை காட்டினார்கள். அப்புறம் அதையும் சத்தமில்லாமல் கைவிட்டுவிட்டார்கள்.

அந்த டைட்டில் பாட்டு மட்டும் அப்படியே நின்றுவிட்டது பார். பிலடெல்பியாக்காரர் ஸ்கூலி டி ராப் பாடுவார், திரையில் இவர்கள் உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட வீரர்கள் மாதிரி பாய்வார்கள். பாட்டு முடிந்தால் சோஃபாவில் உட்கார்ந்து ரிமோட்டுக்குச் சண்டை. இதைக் கேட்டபோது எனக்கு நம் விசா பேப்பர்தான் ஞாபகம் வந்தது. ‘அரிதான தொழில்நுட்பத் திறன் கொண்டவர்’ என்று கன்சல்டன்சிக்காரன் எழுதிக் கொடுத்திருந்தானே, ஞாபகம் இருக்கிறதா? அரிதான திறன் கொண்ட மூன்று பேர் எடிசனில் உட்கார்ந்து, கடைசி அப்பளத்தை யார் பொரித்தது என்று ஒன்றரை மணி நேரம் விசாரணை நடத்தினோம். அப்பளத்தைத் தின்றது நீதான் என்பது என் தீர்ப்பு. இன்றைக்கும் மாற்றமில்லை.

பெயர்கூட அப்படித்தான். அக்வா என்றால் தண்ணீர், அவர்களுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை, கார்லின் குளத்தைத் தவிர. டீன் என்பதற்கு வயசும் தெரியாது. 2011-இலிருந்து ஒவ்வொரு சீசனுக்கும் பெயரையே மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள், வாடகை பாக்கிக்காக வீடு வீடாகப் பெயர் மாற்றிக் குடிபோகிறவன் மாதிரி. 2015-இல் முடித்தார்கள். முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்; 2022-இல் ஒரு படம், 2023-இல் மறுபடி சில எபிசோடுகள். பையன்கள் அதையெல்லாம் பார்த்திருக்கிறார்கள். எனக்கு முதல் இரண்டு சீசன் போதும். பின்னால் ரத்தமும் கொடூரமும் அதிகமாகி, சிரிப்பு எங்கோ ஓரத்தில் போய் நின்றுகொண்டது என்பது என் கட்சி. கொண்டைக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் வயசுக்கு ஒத்துக்கொள்ளக் கூடாதுதான்.

பாஸ்டன் கதையை நீ சொல்லித்தான் அவன் கேட்க வேண்டும். நான் எனக்குத் தெரிந்த வரை சொன்னேன். 2007 ஜனவரி 31. பாஸ்டனிலிருந்து நீ எனக்குப் போன் பண்ணி, ‘ரோட்டையெல்லாம் அடைச்சுட்டாங்க, குண்டாம்’ என்றாய். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போன். அப்போது உன்னால் பேசவே முடியவில்லை, சிரிப்பு. ‘மச்சான், குண்டு இல்லடா, எர்!’ நம் தொடரின் சினிமாவுக்கு விளம்பரமாக, எல்.இ.டி விளக்கில் அந்தச் சந்திரன்காரன் நடுவிரலைக் காட்டுகிற பலகைகளைப் பாலத்தடியிலும் கம்பத்திலும் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தார்கள். பத்து நகரத்தில் வைத்து இரண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது, மற்ற ஊர்களில் ஒருத்தரும் கலங்கவில்லை. உங்கள் ஊரில் மட்டும் சல்லிவன் ஸ்கொயர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒன்றைப் பார்த்து வெடிகுண்டு நிபுணர்களை அழைத்து, நெடுஞ்சாலையை நிறுத்தி, ஆற்றில் படகையும் நிறுத்திவிட்டார்கள். பாட்டரியும் ஒயருமாகத் தொங்கினால் எந்தப் போலீஸ்காரனுக்கும் பயம் வரும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். பலகையை ஒட்டிய இரண்டு இளைஞர்களைக் கைது செய்து, ஜாமீனில் விட்டதும் நிருபர்கள் சூழ்ந்துகொண்டால், அவர்கள் எழுபதுகளின் சிகையலங்காரம் பற்றி மட்டும்தான் பேசுவோம் என்று கடைசி வரை அதையே பேசினார்கள். ஷேக்கும் மீட்வாடும் நேரில் வந்து நின்ற மாதிரி இருந்தது. கார்ட்டூன் நெட்வொர்க்கை நடத்திய டர்னர் கம்பெனி 20 லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்தது. கார்ட்டூன் நெட்வொர்க் தலைவர் ஜிம் சாம்பிள்ஸ் பதவியை விட்டார். அதை வைத்தே ஒரு எபிசோட் எடுத்து, அதை ஒளிபரப்பாமலேயே விட்டுவிட்டார்கள். அந்த ஏப்ரலில் வந்த சினிமாவுக்குச் செலவு ஏழரை லட்சம் டாலர்தானாம். ஒரு படத்தை எடுத்த செலவைவிட அதன் விளம்பரத்துக்குக் கட்டிய தண்டம் இரண்டரை மடங்குக்கும் மேல்! குரூப் டூ பையன் இதை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டான், பரீட்சையில் வரும் என்று நினைத்தானோ என்னவோ.

இப்போது கார்லுக்கு வருகிறேன். கடிதமே அதற்குத்தான்.

அன்றைக்கு நாம் பார்க்கும்போது கார்ல் எதற்கு இருந்தான்? அடிபடுவதற்கு. ஒவ்வொரு வாரமும் அவன் வீட்டில் ஏதாவது பூதம் புகும், காரை நசுக்கும், கையைக் காலைப் பிய்க்கும், ஆளையே கொன்றுபோடும். அடுத்த வாரம் ஒன்றும் நடக்காத மாதிரி அதே பனியனில் வந்து நிற்பான். நாம் சிரித்தோம். சனிக்கிழமை அந்தக் கிறிஸ்துமஸ் எபிசோடைப் போட்டார்கள். எதிர்காலத்திலிருந்து வந்த ஒரு இயந்திரப் பேய் கார்ல் வீட்டுக்குள் புகுந்துகொண்டு, ஆதிகாலத்திலிருந்து ஒரு கதையை எடுத்து, முடிக்காமல் சொல்லிக்கொண்டே இருக்குமே, அது. அவன் குளத்தில் தண்ணீருக்குப் பதில் ரத்தம். கடைசியில் வீட்டையே விற்றுவிட்டுப் போகிறான். வாங்க வருகிறவர் கிளென் டான்சிக், அசல் ராக் பாடகர், தன் குரலிலேயே பேசியிருப்பார். ரத்தக் குளம்தான் அவருக்குப் பிடித்த அம்சம். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கூடவே மனசு வேறொரு கணக்குப் போட்டது. சொந்த வீடு, பின்பக்கம் ஒரு குளம், ஆசையாக வைத்திருக்கிற கார், கேட்பதற்கு ஃபாரினர் பாட்டு. அந்த மனுஷன் கேட்பது வேறென்ன? ராத்திரியில் சும்மா இருக்கவிடு என்றுதானே கேட்கிறான்! வாடகைக்கு வந்த மூன்று தீனிப் பண்டங்கள் ஒரு நாள்கூட அவனைச் சும்மா விட்டதில்லை. ‘பாவம்டா அந்தாளு’ என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. திருநெல்வேலிக்காரன், ‘சார், நீங்க அந்தப் பக்கம் போய்ட்டீங்க’ என்றான்.

அடுத்து கொண்டைக்காரன் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம், எனக்கு இரண்டு நாளாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது. கார்லுக்கும் மீட்வாடுக்கும் குரல் கொடுத்தது ஒரே ஆள். அந்த டேவ் வில்லிஸேதான். நான் நம்பவில்லை. மறுபடி போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஷேக் குரல் டானா ஸ்னைடர், ஃப்ரைலாக் கேரி மீன்ஸ், அது தனித்தனி என்று தெரிகிறது. ஆனால் அந்த உருண்டை குழந்தை மாதிரி கெஞ்சுகிறதே, அதுவும், வேலி ஓரம் நின்று கார்ல் கத்துகிறானே, அதுவும், ஒரே தொண்டை. இருவரும் ஒரே காட்சியில் பேசும்போது அந்த மனுஷன் மைக் முன்னால் தன்னைத்தானே திட்டிக்கொண்டு, தன்னிடமே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நாம் இரண்டு வருஷம் வாராவாரம் பார்த்தோம், ஒரு நாள்கூடக் காதில் விழவில்லை.

அப்போதுதான் எடிசன் கீழ்வீட்டுக்காரர் ஞாபகம் வந்தார். அவர் பெயரே நமக்குக் கடைசி வரை தெரியாது, தபால் பெட்டியில் ஒட்டியிருந்ததை ஒரு நாளும் படிக்கவில்லை. நாம் நடந்தால் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். நாமும் பதிலுக்குத் தரையில் இடிப்போம். அந்த பிப்ரவரிப் பனியில் நம் கரோலா புதைந்துபோனதே, அன்றைக்கு அவருடைய பனி அள்ளும் மண்வெட்டியைக் கேட்காமல் எடுத்தோம். பனிக்கட்டியில் நெம்பி, கைப்பிடியை முறித்தது நான். காரைக்குடியான் இல்லை, நான். இத்தனை வருஷமாக அவன் தலையில்தான் போட்டு வைத்திருக்கிறேன். நீயும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பாய். முறிந்த இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று பொருத்தி, முறிவு தெரியாமல் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மேலே ஓடி வந்தேன். ‘ஏற்கெனவே உடைஞ்சிருந்துச்சு’ என்று சொல்லத் தயாராகவும் இருந்தேன். அவர் வந்து கேட்கவே இல்லை.

அடுத்த பனிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதே மண்வெட்டி. முறிந்த இடத்தில் சாம்பல் நிற டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றியிருந்தார். டிரைவ்வே முழுவதையும் அள்ளினார், அவர் கார், நடைபாதை, தபால்காரர் வருகிற வழி, எல்லாம். நம் கரோலாவைச் சுற்றி மட்டும் அளந்து வெட்டின மாதிரி ஒரு சதுரம் விட்டிருந்தார். மூன்றடிச் சுவர் மாதிரி பனி. நீ அதைப் பார்த்து, ‘அசல் கார்ல்டா’ என்றாய். நானும் சிரித்தேன். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏப்ரலில் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டோம்.

அவருக்கு ஒரு புது மண்வெட்டி வாங்கிக் கொடுத்திருக்கலாம். டாலர் கடையில் இல்லாவிட்டாலும் ஹார்டுவேர் கடையில் பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைத்திருக்கும். காசு இல்லாமல் இல்லை; அதே வாரம்தான் நாம் டிவிடி பிளேயர் வாங்கினோம்.

சனிக்கிழமைக் கதையின் கடைசிப் பாகம். மந்திரம் வைத்த சாண்ட்விச்சை ஷேக் கடிக்கிற எபிசோட் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கடிக்கும் வேறொரு இருட்டு உலகத்துக்குப் போய், அங்கே கோடாரியோடு நிற்கிறவனிடமிருந்து தப்பி வந்து, வந்ததும் மறுபடி கடிப்பானே, அந்த எபிசோட். காரைக்குடியானைப் பார்த்த மாதிரியே இருந்தது. (அவன் பெங்களூரில் பெரிய பதவியில் இருக்கிறான், தெரியுமல்லவா? லிங்க்ட்இன்னில் வாரம் ஒரு முறை சுய ஒழுக்கம் பற்றி எழுதுகிறான். போன மாதம் ‘காலையில் எழுந்ததும் படுக்கையை மடியுங்கள்’ என்று எழுதியிருந்தான். நான் லைக் போட்டேன், என்ன செய்வது.) அப்போது கீழேயிருந்து உன் தங்கச்சி கூப்பிட்ட கூப்பாடு மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். மோட்டார்! போனவன் போனவன்தான், ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. சன்ஷேடிலிருந்து விழுந்த தண்ணி வராந்தாவுக்கு வந்து, வராந்தாவிலிருந்து ஹாலுக்கு வந்து, செருப்பு ஸ்டாண்டில் இருந்த செருப்பெல்லாம் மிதந்துகொண்டிருந்தது. பையன்களைத் திட்டப் போனவரைக் காணோமே என்று மேலே வந்தவள், நான் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகப் போய் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பி இறங்கினாள். அவளுடைய கணக்கில் நான் இப்போது நான்காவது பையன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஹாலைத் துடைத்தது நானும் குரூப் டூவும்.

நீ தை மாதம் வருவதாகச் சொன்னாயே. வரும்போது ஒன்று மட்டும் கொண்டு வா. 2003 கடைசியில் முதல் டிவிடி பெட்டி வாங்கினோம் இல்லையா, அதில் இரண்டாவது தட்டு என்னிடம் இல்லை. வீடு காலி பண்ணும்போது உன் பெட்டியில் போயிருக்கும். உன் வீட்டு பேஸ்மென்டில் தேடு. டிவிடி போடுவதற்கு இங்கே மெஷின் எங்கே இருக்கிறது என்று பையன்கள் சிரிக்கிறார்கள். பரவாயில்லை, கொண்டு வா. இரண்டு நாள் தங்கு. மாடியில் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நீதான் மீட்வாட் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். சின்னவளுக்குக் கல்லூரி கிடைத்துவிட்டதா? அதையும் எழுது.

அன்புடன்,
ஃப்ரைலாக் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தவன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு விஷயம். போன வாரம் ஃபேன் மாட்ட வேண்டும் என்று என் மர ஏணியைப் பையன்கள் கேட்காமல் எடுத்துப் போயிருந்தார்கள். இன்று காலை பார்த்தால் படிக்கட்டுக்கு அடியில் திரும்பக் கொண்டுவந்து, சுவரோடு ஒட்டினாற்போல அழகாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். நாலாவது படி ஆடுகிறது. போன வாரம் ஆடவில்லை.